இறுதியாண்டு ஆய்வுக்கு எலிகளைக் கொல்வது: செய்தவர்களும் மறுத்தவர்களும் சொல்லுங்கள்

நிலானி (கொழும்பு 6)

வணக்கம். நான் இறுதியாண்டு மாணவி. எந்தக் கம்பஸ், எந்தப் பீடம் என்று இங்கே எழுதவில்லை. எனக்குக் கிடைத்த தலைப்பு இதுதான்: ஒரு மூலிகை இலையின் சாறு நீரிழிவு எலிகளில் சீனியைக் குறைக்குமா? விஸ்டார் எலிகள் (ஆய்வுகூடத்து வெள்ளை எலி வகை), குழுவுக்கு 6 வீதம் 5 குழுக்கள். முதலில் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிக்க வேண்டும். பிறகு 28 நாட்களுக்கு வாய்வழியாகக் குழாய் விட்டு தினமும் சாறு கொடுக்க வேண்டும். கடைசியில் எல்லா எலிகளையும் கொன்று கணையத்தையும் ஈரலையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் சைவம். ஆனாலும் நான் சாப்பாட்டுக் கணக்கில் இதைக் கேட்கவில்லை. அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம், தினமும் இன்சுலின் போடுகிறார். 1921-இல் நாய்களில் செய்த பரிசோதனை இல்லாமல் அந்த மருந்து வந்திருக்காது. அது தெரிந்த நான் "விலங்கில் ஆய்வே கூடாது" என்று எப்படிச் சொல்வது? ஆனால் இந்த 30 எலிகள் செத்து அம்மம்மாவுக்கு என்ன வரப் போகிறது என்று யோசித்தால் பதில் கிடைக்கவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "எதிக்ஸ் கொமிட்டி அனுமதி தரும், பயப்படாதீர்கள்" என்றார். அனுமதி வருமா என்பது என் கேள்வியே இல்லை.

எனக்கு ஆறுதல் வேண்டாம். இந்த வேலையைச் செய்தவர்கள் எதை வைத்துச் சரி என்று முடிவெடுத்தீர்கள், மறுத்தவர்கள் எதை வைத்து மறுத்தீர்கள் என்று தெரிந்தால் போதும்.

பொரளைக்காரன்

பிள்ளை, நான் எனிமல் ஹவுஸில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கூடு கழுவி, உமி மாற்றி, தீனி போட்டு, குட்டி பிரித்து வளர்த்த ஆள்.

எலி என்றால் அருவருப்பான பிராணி என்று வெளியே நினைக்கிறார்கள். வெள்ளை எலி ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். தினமும் ஒரே ஆள் போனால் கம்பிக்குக் கிட்ட வந்து மூக்கை நீட்டும். புது ஆள் போனால் பின்மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சில மாணவர்கள் ஊசி போடும் நாளில்தான் முதல் தடவையாக உள்ளே வருவார்கள். வாலைப் பிடித்துத் தூக்குவார்கள். எலி மிரண்டு திரும்பிக் கடிக்கும். அதற்குப் பிறகு கையுறை மேல் கையுறை போட்டு இறுக்கிப் பிடிப்பார்கள். மிரண்ட எலியின் இரத்தத்தில் சீனி ஏறித்தான் இருக்கும். அதை எழுதிக்கொண்டு போய் "முடிவு" என்பார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான்.

நீங்கள் செய்வதென்றால் ஒன்று பழகிக்கொள்ளுங்கள். காலையில் உள்ளே போனதும் முதலில் கண்களைப் பாருங்கள். சில எலிகளின் கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் சிவப்பாக ஒன்று காய்ந்திருக்கும். இரத்தம் என்று பதறி ஓடி வருவார்கள். அது இரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வருவது. சுகமான எலி முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் அது தெரியாது. துடைக்காமல் விட்டிருக்கிறது என்றால் அதற்கு எங்கோ நோகிறது, அல்லது பயந்திருக்கிறது. முதுகு மயிர் சிலிர்த்து, கூனிக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். எந்தக் கருவியும் வருமுன் அது உங்களுக்குச் சொல்லிவிடும்.

உங்களுக்கு மனம் கேட்கவில்லை என்று தெரிகிறது. நல்லது. மனம் கேட்காதவர்கள் எல்லோரும் விலகிப் போனால் அந்தக் கூடுகளுக்குப் பக்கத்தில் யார் மிஞ்சுவார்கள் என்றும் யோசியுங்கள்.

கடலோரம்

நான் மறுத்த ஆள். உயிரியல் படித்தேன், விலங்கில் செய்யும் ஆய்வு வேண்டாம் என்று சொல்லித் தலைப்பு மாற்றிக்கொண்டேன். இப்போது தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடும் குழுவோடு வேலை செய்கிறேன்.

பொரளை ஐயா சொன்னது அன்பான பேச்சு, மதிக்கிறேன். ஆனால் அது "எப்படி" என்ற கேள்விக்கான பதில். நிலானி கேட்டது "ஏன்" என்று. மனிதரில் ஒரு மருந்தைச் சோதிப்பதென்றால் விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கி, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று உறுதி கொடுக்கிறோம். எலிக்கு இந்த மூன்றும் இல்லை. பேச முடியாத ஒன்றின் சார்பில் யார் கையெழுத்துப் போடுவது? அதனால் நன்மை பெறப் போகிறவரே போடுகிறார். எந்த நீதிமன்றத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு செல்லாது.

நம் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். மிருகவதைத் தடைச் சட்டம் 1907-ஆம் ஆண்டினுடையது. அதில் அபராதம் 100 ரூபாய். 2006-இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. அதற்குப் பிறகு எத்தனை அரசாங்கம் வந்து போய்விட்டது!

2023-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனா கேட்கிறது என்று அப்போதைய விவசாய அமைச்சரே சொன்னார். சிங்களத்தில் ரிலவா என்று சொல்கிறோமே, உலகில் வேறெங்கும் இல்லாத நம் நாட்டுக் குரங்கு, அழியும் ஆபத்திலுள்ள இனம். மிருகக்காட்சிசாலைகளுக்கு என்றார்கள். ஒரு இலட்சம் குரங்கு எந்த மிருகக்காட்சிசாலைக்கு? ஆய்வுகூடங்களுக்குத்தான் போகும் என்று பயந்து சுற்றாடல் அமைப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. கடைசியில் அனுப்பப் போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. குரங்குக்காக அத்தனை பேர் எழுந்தோம். எலிக்காக ஒருவரும் எழுவதில்லை. நோவு என்று வந்தால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மருதானை ரிஸ்வி

கோழி சாப்பிடுகிறோம், வீட்டில் எலிக்குப் பொறி வைக்கிறோம், நுளம்பு அடிக்கிறோம். 30 எலிக்கு இவ்வளவு யோசனையா? குறைந்தது இது படிப்புக்காவது உதவும்.

கடலோரம்

ரிஸ்வி நானா, ஒரு தப்பு ஊரெல்லாம் நடக்கிறது என்பதால் இன்னொன்று சரியாகிவிடாது. பொறியில் செத்த எலிக்கு 28 நாள் தொண்டையில் குழாய் விடுவதும் இல்லை.

வார்ட் டொக்டர்

அரச ஆஸ்பத்திரியில் வேலை. பாம்புக்கடி பார்க்காத கிழமை எனக்கு இல்லை. ஆகவே மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

2016-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி இலங்கையில் வருடத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400 பேருக்கு மேல் சாகிறார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள், தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். கண்ணாடி விரியன் கடித்து, இரத்தம் உறையாமல், முரசிலிருந்து இரத்தம் கசியக் கசிய வருகிற ஆளுக்கு நம்மிடம் இருப்பது ஒரே மருந்துதான். இந்தியாவில் தயாராகும் விஷமுறி. அது குதிரையில் செய்வது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. அங்கே எடுக்கிற விஷம் மருந்துக் கம்பனிகளுக்குப் போகிறது. அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கியதும் இரத்தம் எடுத்துப் பிரிக்கிறார்கள். அதோடு முடியவில்லை. அந்த மருந்தின் வீரியத்தை அளக்க விஷத்தையும் மருந்தையும் கலந்து சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுகிறார்கள். அது நோவில்லாத சாவு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மருந்துப் போத்தலை நான் ஏற்றாமல் விட முடியாது. ஏற்றும்போதும் நிம்மதி இல்லை. இந்தியப் பாம்பு விஷத்தில் செய்த மருந்து நம் பாம்புக்கு அளவாகப் பொருந்துவதில்லை, ஒவ்வாமை அடிக்கடி வரும், அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுகிறோம். மூக்கு மேலே வளைந்த சின்ன விரியன், சிங்களத்தில் குணகட்டுவா, அது கடித்தால் இந்த மருந்து வேலை செய்வதே இல்லை. நம் பாம்புகளுக்கு நாமே மருந்து செய்யவேண்டும் என்றால் இன்னும் விலங்குகள் வேண்டும். கடலோரம், இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

கடலோரம்

டொக்டர், நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகவே சொல்கிறேன். கடிபட்டவர் முன்னால் நின்று மருந்து வேண்டாம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குதிரைக்கும் சுண்டெலிக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். கடன் என்றால் திருப்பிக் கொடுக்கும் வழி தேட வேண்டும். சுண்டெலிக்கு வலிநீக்கி கொடுத்து அந்தச் சோதனையைச் செய்யலாமா என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியே பேசுகிறது. குதிரையில்லாமல் ஆய்வுகூடத்திலேயே எதிர்ப்பொருள் செய்யும் வேலையும் உலகத்தில் நடக்கிறது. அதற்குப் பணம் போடாமல் "வேறு வழியில்லை" என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்று. உங்கள் உதாரணம் விஷமுறி. நிலானியின் கையில் இருப்பது ஒரு பட்டத்துக்கான ஆய்வு. விஷமுறியின் நியாயத்தை எடுத்து அதற்குப் போர்த்திவிட முடியாது.

எண்கணக்கு

கடலோரம் கடைசியாகச் சொன்ன வரியில்தான் விஷயம் இருக்கிறது. அதை நீட்டிச் சொல்கிறேன். நான் புள்ளிவிபரம் பார்க்கிறவன், பல பீடங்களிலிருந்து ஆய்வுத் திட்டங்கள் கணக்குப் போட என்னிடம் வரும்.

1959-இல் ரசல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் மூன்று விஷயம் சொன்னார்கள்: விலங்குக்குப் பதில் வேறு வழி இருந்தால் அதைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, நோவைக் குறை. எல்லா எதிக்ஸ் படிவங்களிலும் இந்த மூன்றுக்கும் கட்டம் இருக்கிறது. எண்ணிக்கைக் கட்டத்தில் எல்லோரும் "குழுவுக்கு 6" என்று நிரப்புகிறார்கள். ஏன் 6? முன்னால் செய்தவர் 6 போட்டார். அவர் ஏன் போட்டார்? அவருக்கு முன்னால் செய்தவரும் 6 போட்டார். எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறோம், எலிக்கு எலி அளவீடு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் மிகக் குறைவு. கூடுதலாகக் கொல்வது பாவம் என்று எல்லோருக்கும் விளங்குகிறது. குறைவாக எடுப்பதும் அப்படித்தான். 6 போதாத இடத்தில் 6 எடுத்தால், முடிவு எதுவும் சொல்லாது. அப்போது 30-உம் வீண்.

எலிகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்தார்களா, அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாமல் மறைத்தார்களா என்பதும் அதே அளவு பெரிய விஷயம். கையை விட்டால் முதலில் அகப்படுவது மந்தமான எலி. அவை எல்லாம் முதல் குழுவுக்குப் போய்விட்டால் முடிவு அங்கேயே கெட்டுவிட்டது. பக்கவாதத்துக்கு என்எக்ஸ்ஒய்-059 என்று ஒரு மருந்து இருந்தது. விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளில் பார்த்தபோது பலன் இல்லை. பிறகு விலங்கு ஆய்வுகளைத் திரும்பப் புரட்டினார்கள். குலுக்கல், மறைப்பு இல்லாமல் செய்தவற்றில்தான் மருந்து பெரிதாக வேலை செய்ததுபோல் தெரிந்தது. அந்த விலங்குகள் எதற்குச் செத்தன?

ஆகவே என் நிலைப்பாடு இது. ஒரு விலங்கின் சாவுக்கு நியாயம் அதிலிருந்து கிடைக்கும் அறிவு மட்டும்தான். அந்த அறிவு கிடைக்கவே முடியாதபடி திட்டமிட்ட ஆய்வு, எவ்வளவு அன்பாகக் கொன்றாலும் தப்பு. கிடைத்த அறிவை வெளியிடாமல் வைத்திருப்பதும் அதே தப்பு.

மூலிகை ஆய்வு எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. கொத்தலா ஹிம்புட்டு தெரியும்தானே? அந்த மரத்தில் கடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் விட்டு வைத்து, காலையில் குடித்தால் சீனிக்கு நல்லது என்று காலங்காலமாகக் குடிக்கிறார்கள். மனிதர் ஏற்கனவே குடிக்கும் ஒன்றுக்கு "சீனி குறையுமா" என்று திரும்பத் திரும்ப எலியில் பார்ப்பதை விட, கவனமாக மனிதரிலேயே பார்க்கலாம், பார்த்தும் இருக்கிறார்கள். ஆனால் 2003-இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள்: கர்ப்பிணிகள் குடித்தால் என்ன ஆகும்? கர்ப்பமான எலிகளுக்கு அந்த வேரின் சாற்றை அதிக அளவில் கொடுத்தபோது கரு அழிவது கூடியது. இதை எந்தப் பெண்ணிடமும் சோதித்துப் பார்க்க முடியாது. கேட்காமல் விட்டிருந்தால் வீட்டு வைத்தியம்தானே என்று கர்ப்பிணிகளும் நம்பிக் குடித்திருப்பார்கள். எலியும் அதேதான், செடியும் அதேதான், ஆனால் அங்கே கேள்வி வேறு. நிலானி, உங்கள் ஆய்வின் கேள்வி எந்த வகை?

பாத்திமா ரீச்சர்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இந்த இழையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

மார்க்கம் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே ஒன்று. பூனையை அடைத்து வைத்துத் தானும் உணவு கொடுக்காமல், அது தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்குத் தண்டனை கிடைத்தது என்று ஹதீஸ் உண்டு. எனக்கு அதில் எப்போதும் படுவது அந்த அடைப்புத்தான். அடைத்த பிறகு அதன் பசி, தாகம், வெக்கை எல்லாம் அடைத்தவரின் கணக்கு. பௌத்தர்களுக்கு முதல் சீலமே உயிர்க்கொலை செய்யாதிருத்தல், சைவர்களும் அதே பேச்சுத்தான் பேசுகிறார்கள். நாலு மதத்துக்காரரும் வேலை செய்கிற ஆய்வுகூடங்களில் இதைப் பற்றிப் பேச ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குகிறார்களா?

மிருகவைத்தியர்

ரீச்சர், "அடைத்தவரின் கணக்கு" என்றீர்கள். எனக்கு 2022 ஞாபகம் வருகிறது.

அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். நான் உதவிக்குப் போய்வந்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், எலி அறை வெப்பநிலை 22 பாகைக்கு அங்கே இங்கே இருக்கவேண்டும். ஏசி நின்றால் கொழும்பு வெக்கை உள்ளே வந்துவிடும். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. வெளியே டீசலுக்கு ஆட்கள் இரண்டு மூன்று நாள் வரிசையில் நின்றார்கள், ஆஸ்பத்திரிகளுக்கே இல்லாத நேரம், எலிக்கென்று யாரிடம் கேட்பது? ஜன்னலே இல்லாத அறை. எலிக்கு வியர்க்காது, வால் வழியாகத்தான் உடம்புச் சூட்டை வெளிவிடும். பக்கவாட்டில் நீட்டிப் படுத்து, உமிழ்நீரை எடுத்து மயிரில் பூசிக்கொண்டிருந்தன. வேலையாட்கள் ஈரத் துணி போட்டார்கள், கூடுகளை நடைபாதைக்கு இழுத்துப் போட்டார்கள். குட்டிகள் கொஞ்சம் செத்தன. பொறுப்பில் இருந்தவர் அந்தக் கிழமை ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. இனப்பெருக்கத்தை நிறுத்துங்கள் என்று நாங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம், கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. விலங்கு வைத்து ஆய்வு செய்யத் தகுதி உண்டா என்று தீர்மானிக்கிறவர்கள் ஜெனரேட்டரையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும்.

சரி, நிலானிக்கு. ஆய்வு நடக்கத்தான் போகிறது என்றால் இவற்றை மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

ஸ்ட்ரெப்டோசோடோசின் போட்டவுடன் கணையக் கலங்கள் உடைந்து உள்ளிருந்த இன்சுலின் எல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். முதல் நாளிலேயே சீனி பயங்கரமாக இறங்கும். அன்று இரவு வீட்டுக்குப் போய்விட்டால் காலையில் செத்த எலிகளைத்தான் காண்பீர்கள். முதல் 24 மணித்தியாலம் குடிக்கக் குளுக்கோஸ் தண்ணீர் வையுங்கள். அதன் பிறகு அவை குடித்துக் குடித்துச் சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும், ஒரே நாளில் உமி சேறாகிவிடும். தினமும் மாற்றவேண்டும், தேவையென்றால் இரண்டு தடவை. ஈரத்தில் கிடந்தால் பாதம் புண்ணாகும். திட்டத்தில் "வாரம் இரு தடவை படுக்கை மாற்றப்படும்" என்று எழுதியிருந்தால், எழுதியவர் நீரிழிவு எலியைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

தினமும் குழாய் விடத்தான் வேண்டுமா? பழகிய எலி சின்ன ஜெலித் துண்டைக் கையிலிருந்தே வாங்கித் தின்னும். சாற்றை அதில் கலக்க முடியுமா என்று பாருங்கள். சீனியில்லாத ஜெலி. குழாய் தவறிச் சுவாசப்பைக்குள் போனால் அந்த எலி மூச்சுத் திணறிச் சாகும். பழக்கமில்லாத கையில் இது நடக்கும்.

எந்த நிலையில் ஆய்வை நிறுத்தி அந்த எலியை நோவில்லாமல் கொன்று விடுதலை கொடுப்பீர்கள் என்று முன்பே எழுதிவையுங்கள். உடல் எடையில் 20 வீதம் குறைந்தால் என்பது பல இடங்களில் உள்ள எல்லை. "28 நாள் முடியட்டும்" என்று இழுக்கக் கூடாது.

கடைசி நாள்: மற்ற எலிகளின் முன்னால் செய்யாதீர்கள். எலி பயத்தில் எழுப்பும் சத்தம் 22 கிலோஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். நம் காதுக்கு எட்டாது, பக்கத்துக் கூட்டுக்கு எட்டும்.

பொரளைக்காரன்

மிருகவைத்தியர் சொன்ன வாலும் உமிழ்நீரும் அப்படியே உண்மை.

ஒன்று விட்டுப்போயிற்று. எல்லோரும் ஆண் எலிதான் கேட்பார்கள். பெண்ணுக்கு மாதச் சக்கரம் மாதிரி ஒன்று இருக்கிறது, கணக்குக் குழம்பும் என்பார்கள். குட்டிகளில் பாதி பெண். அவற்றை யார் கேட்கிறார்கள்? இனப்பெருக்கத்துக்குக் கொஞ்சம் எடுப்போம். மீதிக்கு என்ன ஆகும் என்று எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. ஆய்வுப் புத்தகத்தில் "30 எலிகள்" என்று இருக்கும். அந்த 30-க்காகப் பிறந்து, ஒருவருக்கும் தேவைப்படாமல் போனவை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எண்கணக்கு

ஐயா சொல்வது உலகம் முழுக்க உள்ள விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கணக்கெடுத்தது. 2017-இல் மட்டும் ஆய்வுக்கென்று வளர்த்து, பயன்படுத்தாமலே கொன்ற விலங்குகள் 1 கோடி 26 இலட்சம். அவர்கள் எண்ணியதால் நமக்குத் தெரிகிறது. பெண் எலி கணக்கைக் குழப்பும் என்பதும் பழைய நம்பிக்கை. நோயாளிகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்கும்போது ஆண் எலியில் மட்டும் பார்த்துவிட்டு மருந்து என்பது எந்த வகையில் சரி?

நிலானி (கொழும்பு 6)

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், தாராளமாக வாசித்துக் காட்டுங்கள்.

எண்கணக்கு அண்ணா கேட்ட கேள்வியோடு நூலகத்துக்குப் போனேன். இதே இலை, இதே மாதிரி எலி, ஏறக்குறைய இதே அளவு. சில வருடங்களுக்கு முன் இன்னொரு மாணவர் செய்து ஒப்படைத்த ஆய்வேடு அலுமாரியில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் வராது, எந்தச் சஞ்சிகையிலும் வரவில்லை. முடிவு: கட்டுப்பாட்டுக் குழுவோடு (சாறு கொடுக்காத எலிகளோடு) ஒப்பிடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "பலன் இல்லை என்ற முடிவை யார் பிரசுரிப்பார்கள்? நீங்கள் சாற்றை வேறு முறையில் எடுத்துப் பாருங்கள், வந்தாலும் வரும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, மாணவர்களுக்காக நிறையச் செய்கிறவர். ஆனால் அந்த வசனம் எனக்குச் செரிக்கவில்லை.

கடலோரம்

இதைத்தான் தங்கச்சி நான் சொல்ல வந்தது. "வந்தாலும் வரும்" என்பதற்கு ஒரு உயிர் கூடக் கொடுக்கக் கூடாது.

எலியில் சரியாக வந்தாலும் மனிதருக்கு அது செல்லுமா என்பது வேறு கதை. 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தைக் குரங்குகளில் பார்த்துவிட்டு, அவை தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்கை ஆறு ஆண்களுக்கு ஏற்றினார்கள். ஆறு பேரும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தையே மாற்றியது. மனிதரில் பரிசோதிக்க முன் விலங்கில் பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இப்போது இல்லை. நாம் மட்டும் ஏன் பழைய பாதையிலேயே போகவேண்டும்?

வார்ட் டொக்டர்

ஒரு திருத்தம். அந்த அமெரிக்கச் சட்டம் கட்டாயத்தை எடுத்தது, விலங்கு ஆய்வைத் தடைசெய்யவில்லை. கலங்கள், கணினி மாதிரி போன்றவற்றின் முடிவுகளையும் ஏற்கலாம் என்கிறது. டிஜிஎன்1412 பற்றி நீங்கள் சொன்னது சரி, ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள். முதலாமவருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கக் காத்திருக்கவில்லை. குரங்கு தாங்கிவிட்டது என்ற நம்பிக்கை அவர்களை அவசரப்படுத்திவிட்டது. விலங்கு ஆய்வு தரும் பொய்யான தைரியமும் ஒரு தீங்குதான். அந்த அளவுக்கு உங்களோடு உடன்படுகிறேன்.

நிலானி, அந்த இலைக்கு எலி தேவையே இல்லாத முதல் படி உண்டு. மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியங்களை அந்தச் சாறு தடுக்கிறதா என்று சோதனைக் குழாயிலேயே பார்க்கலாம். அதிலும் ஒன்றும் இல்லையென்றால், எலிக்குப் போவதற்கு வேறு என்ன காரணம் இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். செலவும் குறைவு.

மருதானை ரிஸ்வி

நான் முதலில் எழுதியது வேறு, இப்போது கேட்பது வேறு. பழைய மாணவரின் ஆய்வேட்டை இப்போதாவது பிரசுரிக்க முடியாதா? அந்த எலிகள் ஏற்கனவே செத்துவிட்டன. அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை இதே இலையை எடுக்காமல் இருக்க அது போதுமே.

எண்கணக்கு

முடியும். எதிர்மறை முடிவுகளையும் ஏற்கும் சஞ்சிகைகள் இருக்கின்றன. விலங்கு ஆய்வை எப்படி அறிக்கையிடவேண்டும் என்று அரைவ் என்ற வழிகாட்டி 2010-இல் வந்தது, 2020-இல் புதுப்பித்தார்கள். எத்தனை விலங்கு, எப்படிப் பிரித்தார்கள், எது நடுவில் விடுபட்டது எல்லாம் அதில் கேட்கிறது. பழைய ஆய்வேட்டில் அந்தத் தகவல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மாணவரின் சம்மதமும் வேண்டும், முதல் பெயர் அவருடையதாக இருக்கவேண்டும்.

நிலானி (கொழும்பு 6)

அவரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டேன், இப்போது ஒரு மருந்துக் கம்பனியில் இருக்கிறார். சந்தோஷமாகச் சம்மதித்தார். தன் ஆய்வேட்டை யாரும் திறந்து பார்ப்பார்கள் என்று நினைக்கவே இல்லையாம். மூலத் தரவு எல்லாம் அவரிடம் இருக்கிறது. ஊசி போட்ட முதல் இரவில் எட்டு எலிகள் செத்ததும் அவருடைய கொப்பியில் இருக்கிறது, ஆய்வேட்டில் இல்லை. மிருகவைத்தியர் ஐயா சொன்ன குளுக்கோஸ் தண்ணீர் விஷயம் அப்போது அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மேற்பார்வையாளரிடம் நாளை மறுநாள் போகிறேன். முதலில் சோதனைக் குழாயில் நொதிய வேலை, அதோடு பழைய தரவை எழுதிப் பிரசுரிப்பது, இந்த இரண்டையும் என் ஆய்வாக ஏற்பாரா என்று கேட்கப் போகிறேன். நொதியத்தில் ஏதாவது வந்து, எலிக்குப் போகத்தான் வேண்டும் என்றால் அப்போது என்ன செய்வேன் என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

கடலோரம்

போனாலும் போகாவிட்டாலும் ஒன்று கேட்கிறேன். அந்த எட்டு எலிகளையும் கட்டுரையில் போடுங்கள். எங்கே, எப்போது, ஏன் செத்தன என்று. எலியில் நீங்கள் செய்வதை நான் ஏற்க மாட்டேன், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டுரை வந்தால் என் குழுவில் எல்லோருக்கும் அனுப்புவேன்.

பொரளைக்காரன்

பெண் குட்டிகளையும் கேட்டு எழுதுங்கள் பிள்ளை. வழங்கிய இடத்துப் பதிவேட்டில் இருக்கும். எத்தனை ஈற்றிலிருந்து எடுத்தோம் என்று நாங்கள் எழுதி வைப்போம்.

எண்கணக்கு

நிலானி, அவருடைய கட்டுப்பாட்டுக் குழுவின் அளவீடுகளை எனக்கு அனுப்புங்கள், எட்டையும் சேர்த்து. அந்த எண்ணிக்கையில் எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று முதலில் கணக்குப் போட்டுத் தருகிறேன். "பலன் இல்லை" என்று எழுதலாமா, "சொல்ல முடியாது" என்று எழுதவேண்டுமா என்பது அதைப் பொறுத்தது. மேற்பார்வையாளரைச் சந்திக்கப் போகும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.